தபாலட்டையில் தங்கிய கிராமங்கள்

பேரோவியர் ஒருவரின் வரலாற்றை அறியப் புகுவோர், அவர் தீட்டிய பெரும்படங்கள் எவை, அவை எந்த மாளிகையை அலங்கரித்தன, என்ன விலை பெற்றன என்று வினவுதல் இயல்பு. நந்தலால் போஸ் என்னும் வங்கத்து ஓவியரைக் குறித்தும் இவ்வினாக்களை எழுப்பலாம், விடையும் கிடைக்கும். ஆயினும் அவ்விடைகளுள் அந்த மனிதர் முழுமையாக அகப்படமாட்டார். அவரைக் காண விரும்புவோர் அவருடைய தோளில் தொங்கிய ஜோல்னாப் பையைத் திறந்து பார்த்தல் வேண்டும். அதனுள்ளே தபாலட்டை அளவான வெற்றட்டைகள் சில, தூரிகை ஒன்று, மைச்சிமிழ் ஒன்று இருந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், போகுமிடமெல்லாம் அப்பையைச் சுமந்து, கண்ட மரத்தையும் மாட்டையும் உழவனையும் சந்தைக்குச் செல்லும் பெண்ணையும் அவ்வட்டைகளிலே குறித்து வந்தார் அவர். நாட்குறிப்பு எழுதுவோர் சொல்லால் எழுதுவர். நந்தலால் கோட்டால் எழுதினார். அந்தச் சித்திர நாட்குறிப்பே அவருடைய தவம். ஏனைய பெரும்படங்களெல்லாம் அத்தவத்தின் பேறுகள் என்றே கொள்ளத்தகும்.

இளமையும் தோல்வியும்

நந்தலால் 1882ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் திகதி பீகார் மாநிலத்து முங்கேர் மாவட்டத்திலுள்ள கரக்பூரிலே பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தின் நிருவாகத்திற் பணிபுரிந்தவர். அன்னையார் க்ஷேத்திரமணி தேவியார் கையிற் கிடைத்த பொருள்களைக் கொண்டு பாவைகளும் விளையாட்டுப் பொருள்களும் செய்து மகனுக்கு அளிப்பார். அந்த அன்னையை நந்தலால் எட்டு வயதிலேயே இழந்தார். எனினும் அவர் கைவழி பெற்ற ஆசை அவரை விட்டு நீங்கவில்லை. திருவிழாக் காலங்களிலே குயவர்கள் களிமண்ணைப் பிசைந்து துர்க்கையின் திருவுருவை வனைவதைக் காண்பதே அச்சிறுவனுக்குப் பாடசாலை ஆயிற்று.

உண்மையான பாடசாலையோ அவருக்கு உவப்பளிக்கவில்லை. பதினாறாம் வயதில் உயர்தரக் கல்விக்காகக் கல்கத்தா சென்றார். பள்ளிப் படிப்பை ஒருவாறு முடித்துக் கல்லூரி புகுந்தவர், தேர்விலே தவறினார். கல்லூரியை மாற்றினார், மீண்டும் தவறினார். 1903ஆம் ஆண்டு சுதீராதேவியாரை மணந்து இல்லறம் புகுந்துவிட்டமையால் பொறுப்பும் தலைமேல் ஏறிற்று. சுற்றத்தார் அவரை வணிகக் கல்வியிற் சேர்த்துப் பார்த்தனர், அதுவும் கைகூடவில்லை. தேர்வுத் தாளைக் கொண்டு மாணவனை அளப்பதையே தொழிலாகக் கொண்டுவிட்ட நம்போன்ற ஆசிரியர்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் நன்று. அன்று கல்கத்தாக் கல்லூரிகள் தேறாதவன் என்று ஒதுக்கிய இளைஞனே, பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் அரசியலமைப்பு ஏட்டுக்கு அணிசெய்யும் பெருமைக்கு உரியவனானான்.

அக்காலத்தில் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளிக்கு ஹாவல் என்னும் ஆங்கில அறிஞர் தலைவராயிருந்தார். மேனாட்டுச் சிலைகளைப் பார்த்துப் பிரதி செய்வதே சித்திரக் கல்வி என்றிருந்த நிலையை மாற்றி, பாரத மரபை மாணவர்க்கு ஊட்ட முனைந்தவர் அவர். அவருக்குத் துணையாக அமைந்தவர், கவியரசர் இரவீந்திரநாத தாகூரின் ஒன்றுவிட்ட சகோதரர் மகனான அவனீந்திரநாதர். பத்திரிகைகளில் வெளிவந்த அவனீந்திரரின் ஓவியங்களைக் கண்டு உள்ளம் பறிகொடுத்த நந்தலால், 1905ஆம் ஆண்டில் அவரைத் தேடிச் சென்றார். புகுமுகச் சோதனையாக அவர் வரைந்து காட்டியது சித்திதாதா கணேசரின் உருவம். பிள்ளையார் சுழியிட்டு ஏடு தொடங்கும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும். தேர்வுகள் பலவற்றிலே தோற்ற இளைஞர் இந்த ஒரு தேர்விலே வென்றார்.

அறையும் வெளியும்

அவனீந்திரரிடம் நந்தலால் ஐந்தாண்டுகள் பயின்றார். ஆசிரியரின் முறை நீர்வண்ண முறை. தாளிலே வண்ணத்தைத் தீட்டி, அதனை நீரில் நனைத்து, மீண்டும் தீட்டி மீண்டும் நனைத்து, மூடுபனிக்குள் உருவம் தோன்றுவது போன்ற மென்மையை உண்டாக்கும் முறை அது. ஜப்பானிய ஓவியர் சிலர் கல்கத்தாவுக்கு வந்திருந்தபோது அவர்களுடைய தொழிலைக் கண்டு அவனீந்திரர் அதனை உருவாக்கிக்கொண்டார். அம்முறையில் ஒரு படத்தை நிறைவு செய்யப் பல நாள்கள் பிடிக்கும். அமைதியான அறை வேண்டும். புராணமும் காவியமுமே அதற்கு ஏற்ற பொருள்களாயின. நந்தலாலும் சிவனையும் சதியையும் தீட்டிப் பரிசு பெற்றார். பரிசுத் தொகையான 500 ரூபாவை அவர் வீட்டுக்கு வேண்டிய பொருள்களில் முடக்கவில்லை. நாட்டைச் சுற்றிப் பார்க்கும் யாத்திரைக்கே செலவிட்டார். காசி, ஆக்ரா, மதுரா முதலிய வடநாட்டுத் தலங்களையும், பின்னர்த் தென்னாட்டுக் கோயில்களையும் கண்டார். அறைக்குள் இருந்த ஓவியரை வெளி அழைக்கத் தொடங்கிவிட்டது.

அவ்வழைப்பை வலியுறுத்தியவர் நிவேதிதை அம்மையார். ஹெரிங்கம் சீமாட்டியார் அசந்தாக் குகை ஓவியங்களைப் பிரதி செய்ய முற்பட்டபோது, அப்பணிக்கு நந்தலாலை அனுப்பியே தீரவேண்டும் என்று அம்மையார் விடாது தூண்டினார். 1909ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நந்தலாலும் உடன் பயின்ற இளைஞர்களும் அசந்தாவை அடைந்தனர். ஊரும் விளக்கும் அற்ற மலைப்பாங்கிலே தங்கி, பகலெல்லாம் குகையின் மங்கிய ஒளியில் பழஞ்சுவர்களைப் பார்த்து வரைந்தனர். அங்கே அவர் கண்ட உண்மை ஒன்றுண்டு. குகைச்சுவரில் அரசரும் போதிசத்துவரும் மட்டும் இருக்கவில்லை. யானைகள், குரங்குகள், வாழைமரங்கள், பணிப்பெண்கள், வணிகர்கள் ஆகிய யாவும் இருந்தன. பழைய சிற்பாசாரியர்கள் கோயிலுக்குள் தங்கள் ஊரையே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மரபு என்பது கண்ணை மூடிக்கொண்டு பழமையை நினைப்பதன்று. கண்ணைத் திறந்து ஊரைப் பார்ப்பதும் அதன் பாற்பட்டதே என்னும் தெளிவு அங்கே அவருக்குப் பிறந்தது.

கலைக்கு இயற்கை, மரபு, தன் ஆக்கம் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் போல இன்றியமையாதன என்று ஜப்பானிய அறிஞர் ஒக்காக்குரா அவருக்கு உணர்த்தியதும் இக்கருத்தையே உறுதி செய்தது. நம் நாட்டுத் தமிழ்க் குடியிலே தோன்றிய கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமியோடும் நந்தலாலுக்குத் தொடர்பு நேர்ந்தது. நிவேதிதை அம்மையார் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் குமாரசுவாமி நிறைவு செய்து 1913ஆம் ஆண்டில் வெளிவந்த இந்து பௌத்த புராணக் கதைகளின் தொகுதியிலே நந்தலாலின் ஓவியங்கள் இடம்பெற்றன.

இரு ஆசான்களின் நடுவே

1914ஆம் ஆண்டில் நந்தலால் முதன்முறையாகச் சாந்திநிகேதனம் சென்றார். மாந்தோப்பிலே கவியரசர் தாகூர் அவரை வரவேற்று வாழ்த்துக் கவிதை வழங்கினார். பின்னொருமுறை பத்மா நதிக்கரையிலுள்ள தமது செலைதாப் பண்ணைக்கும் கவியரசர் அவரை அழைத்துச் சென்றார். அங்கே படகுகளும் மணல்மேடுகளும் மீனவரும் நந்தலாலின் தாள்களை நிறைத்தனர். 1919ஆம் ஆண்டில் கலாபவனம் தொடங்கப்பட்டபோது கவியரசர் அவரைத் தம்மிடம் நிலையாக வந்துவிடுமாறு கேட்டார்.

ஈண்டு நந்தலாலின் வாழ்விலே பெரிய இக்கட்டு நேர்ந்தது. அவனீந்திரர் தம் தலைமாணாக்கரைப் பிரிய மனம் ஒருப்படவில்லை. கல்கத்தாவிலே தாம் தொடர்புகொண்டிருந்த கீழைத்தேயக் கலைச் சங்கத்தின் வகுப்பை நடத்த அவர் வேண்டும் என விரும்பினார். ஒருபுறம் கண் திறந்துவிட்ட குரு. மறுபுறம் திறந்த கண்ணுக்குக் காட்சி தர அழைக்கும் கவிஞர். கல்கத்தாவில் இருந்தால் புகழும் பொருளும் வாங்குவோரும் உண்டு. சாந்திநிகேதனமோ பீர்பூம் மாவட்டத்துச் செம்மண் மேட்டு நிலம். மழை நீர் அரித்த பள்ளங்களும் தனிப் பனைகளும் சந்தால் மக்களின் குடிசைகளுமே அங்குள்ள செல்வம். நந்தலால் சென்றார், திரும்பினார், மீண்டும் சென்றார். ஈற்றிலே சாந்திநிகேதனத்தையே தம் ஊராக்கிக்கொண்டார். 1922ஆம் ஆண்டு தொடக்கம் 1951ஆம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை கலாபவனத்தின் தலைவராக விளங்கினார். இத்துணை பிணக்கு நேர்ந்தும் குருவைப் பற்றி அவர் உள்ளத்திலிருந்த பத்தி குறையவில்லை. குருவின் முறையை விட்டு நீங்கியபோதும் குருவை விட்டு நீங்காதிருத்தல் அரிய பண்பு. நந்தலாலிடம் அப்பண்பு இருந்தது.

அட்டைகளும் முகாம்களும்

சாந்திநிகேதனத்திலே அவருடைய தூரிகையின் போக்கு மாறிற்று. பல நாள் நனைத்து உலர்த்தும் வண்ணம் வயல்வரப்பிலே பயன்படாது. மாடு நின்று காட்டாது; கூலியாள் நெற்கட்டைச் சுமந்தபடி ஓவியருக்காகக் காத்திரான். ஆகவே விரைந்தோடும் கோடும், இரண்டொரு பூச்சில் அமையும் நீர்வண்ணமும் அவருக்குத் துணையாயின. 1924ஆம் ஆண்டில் கவியரசரோடு சீனத்துக்கும் ஜப்பானுக்கும் சென்றுவந்தபின், மை ஒன்றினாலேயே ஒளியையும் நிழலையும் காட்டும் கீழைத்தேயத் தூரிகைத் திறனும் அவர் கையிற் படிந்தது. அளவிலே சிறிய அட்டை, சுருங்கிய கோடு, குறுகிய நேரம் ஆகிய இம்மூன்று கட்டுப்பாடுகளும் அவருக்குத் தளையாகவில்லை. வெண்பாவின் தளை நல்ல புலவனுக்கு எவ்வாறு உதவுமோ அவ்வாறே உதவின.

அவர் மாணவர்க்கு வகுத்த முறையும் இதுவே. சிலையை முன்வைத்துப் பிரதி செய்யும் வகுப்பு அங்கே முதன்மை பெறவில்லை. மாணவர் ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் செல்லவேண்டும். ஒரு மரத்தை வரைய விரும்பினால் முதலில் அதனை நெடுநேரம் பார்க்கவேண்டும். காலையிலும் மாலையிலும், காற்றிலும் மழையிலும் பார்க்கவேண்டும். அதன் நிலையும் அசைவும் மனத்துள் இறங்கியபின் நினைவிலிருந்து வரையவேண்டும். கண் கண்டதைக் கை எழுதுமுன் உள்ளம் ஒருமுறை எழுதிப் பார்த்தல் வேண்டும் என்பதே அவர் போதனையின் சாரம்.

ஆண்டுதோறும் குளிர்காலத்திலே கலாபவனத்தார் யாத்திரை புறப்படுவர். இராசகிருகம், நாளந்தா, பூரி, கோபாலபூர் எனப் பழம்பதிகளையும் கடற்கரைகளையும் நாடிச் செல்வர். கூடாரம் அடித்து, தாமே சமைத்து, ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக வாழ்வர். பகலிலே ஆளுக்கொரு திசையாகச் சென்று வரைவர். வரைந்தவற்றை ஒருங்கு வைத்துப் பார்ப்பர். ஆசிரியர் தம் அட்டைகளையும் அவற்றோடு வைப்பார். வகுப்பறையில் ஓராண்டு கூறினாலும் ஏறாத பாடம், அடுப்பு மூட்டும் வேளையிலே ஏறிவிடுவதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர். அம்முகாம்கள் கலாபவனத்தின் நடமாடும் வகுப்புகளாக அமைந்தன. யாத்திரையிலிருந்து திரும்பிய பின்னரும் அட்டைகள் ஓய்வதில்லை. தூர இருக்கும் மாணவர்க்கும் நண்பர்க்கும் சித்திரம் வரைந்த அட்டைகளையே அவர் கடிதமாக விடுப்பார். ஓவியரின் நாட்குறிப்பு இவ்வாறு தபாற்காரன் கையாற் பல ஊர்களுக்கும் சென்று சேர்ந்தது.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இம்முறை புதுமையன்று. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள், அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, புள், தொழில், பறை முதலிய கருப்பொருள், மக்களின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் என்று தொல்காப்பியனார் வகுத்த நெறியை நினைவுகூர்க. கருப்பொருளை அறியாத புலவன் உரிப்பொருளைப் பாடமுடியாது. நந்தலாலின் அட்டைகள் ஒரு நாட்டின் கருப்பொருளைத் தொகுத்த ஏடுகள். அவற்றிலே பழகிய கையே பின்னர் அந்நாட்டின் உள்ளத்தையும் தீட்ட வல்லதாயிற்று.

அட்டையிலிருந்து நாட்டுக்கு

அட்டையிற் சேர்த்த செல்வம் வெளிப்பட்ட இடங்கள் பல. 1930ஆம் ஆண்டில் கவியரசர் குழந்தைகளுக்காக ஆக்கிய ‘சகஜ பாட்’ என்னும் வங்க அரிச்சுவடிக்கு நந்தலால் அச்சுச் சித்திரங்கள் செதுக்கினார். கறுப்பும் வெண்மையுமாக விளங்கும் அப்படங்களிலே வங்கக் குழந்தைகள் தங்கள் ஊரையே கண்டு எழுத்துப் பயின்றனர். அவ்வாண்டிலேயே, உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் தடியூன்றி நடக்கும் காந்தியடிகளின் உருவத்தையும் அதே முறையிற் செதுக்கினார். ஒரு சில கோடுகளில் அமைந்த அவ்வுருவம் நாடெங்கும் பரவிற்று. நடக்கும் மனிதரை எத்தனையோ ஆயிரம் முறை அட்டையில் எழுதிய கைக்கே அந்த நடை வசப்படும்.

1934ஆம் ஆண்டிலே கவியரசர் தமது ‘சாபமோசனம்’ நாட்டிய நாடகக் குழுவோடு இலங்கைக்கு வந்தார். அதுவே அவருடைய இறுதி இலங்கை வருகை. நந்தலாலும் உடன் வந்தார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அந்நாடகம் நடைபெற்றது. ஹொரணையிலே சாந்திநிகேதனத்தைப் பின்பற்றி எழுந்த ஸ்ரீபாலி நிலையத்துக்குக் கவியரசர் அடிக்கல் நாட்டியதும் அப்போதுதான்.

காந்தியடிகள் காங்கிரஸ் மகாசபையைக் கிராமத்திலே கூட்டவேண்டும் என்று முடிவு செய்தபோது, அப்பந்தல்களை அணிசெய்யும் பொறுப்பை நந்தலாலிடமே ஒப்படைத்தார். 1936ஆம் ஆண்டு டிசெம்பரில் பைஸ்பூரில் மூங்கிலும் ஓலையும் போன்ற ஊர்ப்பொருள்களைக் கொண்டே அவர் அந்நகரை அமைத்தார். 1938ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹரிபுராவிலே நிகழ்ந்த மகாசபைக்கு அவரும் மாணவரும் தீட்டி அளித்த படங்கள் ஏறத்தாழ 400. அவற்றுள் எண்பதுக்கு மேற்பட்டவை அவர் கையாலேயே எழுந்தவை. மண்ணிலிருந்து எடுத்த நிறங்களையே பெரிதும் பயன்படுத்தினார். தச்சன், தையற்காரன், பறை முழக்குவோன், மல்லன், நெல் குற்றும் பெண், காளையை அடக்குவோன் முதலியோரே அப்படங்களின் தலைவர்கள். மகாசபைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த குடியானவர்கள், பந்தலிலே தெய்வங்களையும் அரசரையும் எதிர்பார்த்திருக்கலாம்; அங்கே தங்களையே கண்டார்கள். பிறர் கருத்தில் சிறுமை எய்தியிருந்த கைத்தொழிலாளர் பெருமையோடு வழிநெடுக நின்றனர். முப்பது ஆண்டுகளாகத் தபாலட்டைகளிலே அவர் சேர்த்த மக்கள் அன்று நாட்டின் முன் எழுந்து நின்றார்கள் என்றே கூறலாம்.

மாணவர் வழியாகவும் அந்நெறி தொடர்ந்தது. கண்பார்வைக் குறையோடு கலாபவனம் புகுந்த விநோதவிகாரி முகர்ஜி, 1940ஆம் ஆண்டில் அங்குள்ள விடுதியின் கூரையகத்தில் பீர்பூம் கிராமத்தையே விரித்துத் தீட்டினார். பிற்காலத்தில் பார்வை முற்றும் அற்ற பின்னரும் கலைப்பணியைக் கைவிடவில்லை. எளிய குடியிற் பிறந்த இராமகிங்கர் பெய்ஜ், வேலை தேடிச் செல்லும் சந்தால் குடும்பத்தை ஆளுயரத்திலும் மிக்க சிலையாக வெட்டவெளியில் நிறுத்தினார். கல்கத்தா நகரத்து இளைஞராக வந்து ஈராண்டுகளுக்கு மேல் அங்கே பயின்ற சத்யஜித் ராய், கிராமத்தைப் பார்க்கும் கண்ணை அங்கேதான் பெற்றார். 1955ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘பதேர் பாஞ்சாலி’ திரைப்படத்திலே குளத்து நீரும் நாணற் பூவும் கதைமாந்தரைப்போல் உயிர்பெற்று நிற்பது இதனாலேயே.

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்பு ஏட்டைக் கையெழுத்துப் பிரதியாக ஆக்கியபோது, அதன் பக்கங்களை அணிசெய்யும் பணி நந்தலாலையும் அவர் மாணவரையும் சார்ந்தது. 1954ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு பத்மவிபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. இத்துணைச் சிறப்புக்கும் பின்னர் அவர் எங்கே இருந்தார்? மீண்டும் தம் அட்டைகளின் முன்னேதான். முதுமையினால் உடல் தளர்ந்து வெளியே உலாவ இயலாதபோது, சாளரத்தின் வழியே கண்டதையும் நினைவிலே நின்றதையும் கருமையினால் வரைந்தார். கடதாசித் துண்டுகளைக் கிழித்து ஒட்டியும் உருவங்கள் அமைத்தார். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி அவர் மறைந்தார். அட்டைகளும் வரைகோடுகளும் ஓவியங்களுமாக ஏறத்தாழ 7000 ஆக்கங்கள் புதுதில்லியிலுள்ள தேசிய நவீன கலைக்காட்சிச்சாலையைச் சேர்ந்தன.

நம் கரையை வரைந்தவர் யார்?

இவ்வரலாற்றைக் கீழ்மாகாணக் கடற்கரையிலே இருந்து எண்ணிப் பார்க்கும்போது, உள்ளத்தை ஒரு கவலை உறுத்துகின்றது. கல்முனையிலிருந்து திருக்கோவில், வினாயகபுரம் வரை நீண்டு கிடக்கும் இக்கரையில் கருப்பொருளுக்குக் குறைவில்லை. கரைவலை வாடியும், வட்டைக்குள்ளே விதைப்புக் காலத்தும் அறுவடைக் காலத்தும் உழவர் தங்கியிருக்கும் வாடியும், இரவுக் காவற் பரணும், பொலி பாடி நெல் தூற்றிய களவெட்டியும், மருதமுனையின் தறியும் நம் கண்முன்னே இருந்தவை. நந்தலாலின் மாணவர் கூடாரம் அடித்துத் தேடிச் சென்று கற்றதை, நம் பிள்ளைகள் தந்தைக்குச் சோறு கொண்டுபோகும் வழியிலேயே கண்டிருக்கின்றனர். கண்டதை வரைந்தவர் எத்தனை பேர்?

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையை அடித்துச் சென்றது. உயிரிழப்பின் முன் ஏனைய இழப்புகள் சிறியனவே. எனினும் நாள் செல்லச் செல்ல வேறொரு வறுமை புலப்பட்டது. கரையோரத்துத் தெரு எவ்வாறு வளைந்து சென்றது, தோணிகள் எந்த மரத்தடியிற் கிடந்தன, வீட்டு வேலி எவ்வாறு வரிந்து கட்டப்பட்டிருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது முதியோர் கையால் காற்றிலே வரைந்து காட்டுகின்றனர். வீட்டிலிருந்த புகைப்படங்களும் வீட்டோடு போயின. அந்தத் தெருவை ஒரு மாணவன் ஓர் அட்டையில் எழுதித் தூரத்து நண்பனுக்கு அனுப்பியிருந்தால், அது எங்கேனும் ஒரு பெட்டிக்குள் இன்றும் இருந்திருக்கும். களவெட்டியைக் கடல் கொள்ளவில்லை. அறுவடை இயந்திரம் கொண்டுவிட்டது. சூடு மிதித்த மாடுகளின் நடையை வரைய விரும்புவோர் இனி நினைவிலிருந்துதான் வரையவேண்டும்.

சித்திர பாடவேளையைக் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் இரவல் கொடுத்துவிடும் வழக்கம் பாடசாலைகளில் உண்டு. ஆசிரியராகிய நாமே அதற்கு உடந்தை. அந்த ஒரு பாடவேளையை மீட்டுக்கொள்வதற்குச் சாந்திநிகேதனம் வேண்டியதில்லை, மாந்தோப்பும் வேண்டியதில்லை. அரைத் தாளும் பென்சிலும் போதும். பிள்ளைகளை ஆற்றங்கரைக்கோ வயல்வரப்புக்கோ அழைத்துச் சென்று, முதலில் அரைமணி நேரம் வெறுமனே பார்க்கச் சொல்லவேண்டும். பின்னர் வரைந்ததற்குக் கீழே ஊரும் திகதியும் குறிக்கச் சொல்லவேண்டும். வரைந்தது கோணலாக இருக்கலாம். தேர்வுகள் பலவற்றிலே தவறிய பிள்ளை ஒருவன் அவர்களுள் இருத்தலும் கூடும்.